நின்ற வண்டியில் நான்கு கிலோமீட்டர் வேகம்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. கார்களைச் சோதிக்கும் என் கருவியில் அந்த ஐம்பத்து நான்கு நொடிகளும் பதிவாகியிருக்கின்றன. பட்டறைக்கு வந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திருப்பூர் தாராபுரம் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கண்ணில் படுவதை நம்புவதற்கு முன்னால் மீட்டரை வைத்துப் பார்ப்பவன் நான். அந்த மீட்டரே காட்டிவிட்டது. அதனால்தான் எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

ஆரம்பம் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

போன ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை காலை, சித்ரகலா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்லூர்ப் பக்கம் பன்னிரண்டு தையல் மெஷினோடு ஒரு யூனிட் நடத்தி, பெரிய கம்பெனிகளுக்கு பனியன் தைத்துக் கொடுப்பவர். காருக்குப் பதினாறு வயது. தினமும் ராத்திரி வேலை முடிந்ததும் காங்கேயம் ரோட்டுப் பக்கம் இருக்கும் இரண்டு டெய்லர் பெண்களை அவரே காரில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறார். டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது என்றார். படியூர் தாண்டி இடது பக்கம் ஒரு மண் ரோடு பிரியும். அந்த வளைவில் பிரேக்கை மிதித்தால் காலுக்கடியில் பெடல் கிர்ர்ர் என்று அதிருமாம். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகுமாம். முந்தின வாரம் ஒரு மொபெட்காரர் மயிரிழையில் தப்பியிருக்கிறார்.

"ஃப்யூஸைப் புடுங்கிட்டா பெடல் அதிராதாமுங்களே அண்ணா. பக்கத்து யூனிட்டுல சொன்னாங்க."

"மழையில ஒரு நாள் வண்டி சறுக்கும். அப்ப அது வேணுமுங்க அம்மிணி. மூணு உசுரு போற வண்டி."

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். இது வருவதற்கு முன்னால் வண்டியில் எதையாவது மாற்றினீர்களா? பாதிக் கோளாறுகளுக்கு அந்தப் பதிலிலேயே விடை இருக்கும்.

சித்ரகலா என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தார். "ஒண்ணும் மாத்தலீங்க."

இங்கே ஒரு நிமிடம் ஏ.பி.எஸ். பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் பற்கள் வைத்த ஒரு வளையம் சுற்றுகிறது. அதற்கு எதிரில், தாள் நுழையும் இடைவெளியில், ஒரு சென்சார். உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சாரில் ஒரு துளி மின்சாரம் பிறக்கும். அதை எண்ணித்தான் கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்தின் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. நாலு சக்கரத்தில் மூன்று நாற்பதில் ஓடும்போது ஒன்று மட்டும் சைபர் என்றால், அது பிரேக்கில் இறுகிச் சறுக்குகிறது என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். உடனே அந்தப் பக்கத்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். பெடல் அதிர்வது அதனால்தான். சென்சார் பொய் சொன்னால், கம்ப்யூட்டரும் அதை நம்பி, நிற்க வேண்டிய நேரத்தில் பிரேக்கை விட்டுவிடும்.

சக்கரம் சுற்றாவிட்டால் பல் கடக்காது. பல் கடக்காவிட்டால் மின்சாரம் இல்லை. அதாவது, நிற்கும் சக்கரம் வேகம் காட்ட வழியே கிடையாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியை மாட்டினேன். கோளாறு இடது பின்சக்கரத்தில் என்றது. கழற்றினால், காந்தத்தின் முனையில் கிரீஸோடு சேர்ந்து பனியன் பஞ்சு அப்பியிருந்தது. எங்கள் ஊர் வண்டிகளில் இது சகஜம். எல்லா இடத்திலும் பஞ்சு பறக்கும். துடைக்கிற துணிகூட எங்களுக்கு பனியன் கட்டிங் வேஸ்ட்தான். இதுதான் கோளாறு என்று சிரித்துக்கொண்டே சுத்தம் செய்து அனுப்பினேன்.

செவ்வாய் காலை வண்டி திரும்பி வந்தது. விளக்கு எரிந்தது. வலது சென்சாரை இடதுக்கும், இடதை வலதுக்கும் மாற்றிப் போட்டேன். கெட்டது சென்சார் என்றால் கோளாறும் வலது பக்கம் போக வேண்டும். புதன் காலை மறுபடி வந்தது. இடது பக்கமே. வளையத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லிலும் விரிசல் இல்லை. வயரைப் புதிதாக இழுத்தேன். சக்கரத்தின் பேரிங்கையும் மாற்றினேன். பட்டறையிலிருந்து நானே அதே வளைவுக்கு ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன், புதன் ராத்திரி ஒரு முறை உட்பட. ஒன்றும் வரவில்லை. சாவியை வாங்கிப் போன சித்ரகலா, வியாழன் காலை எட்டு மணிக்கு போன் செய்தார். முந்தின நாள் வேலை நேரம் மாறி, அந்தப் பெண்களோடு ராத்திரி பத்தரைக்குக் கிளம்பினாராம். அதே வளைவு. விளக்கு எரிகிறது.

என் பட்டறையிலிருந்து கிளம்பினால் வராத கோளாறு, அவர் யூனிட்டிலிருந்து கிளம்பினால் வருகிறது. எனக்குத் தூக்கம் போனது.

வியாழக்கிழமை ராத்திரி 8.15-க்கு நானே யூனிட்டுக்குப் போனேன். நான் ஓட்டுவது, சித்ரகலா முன்சீட்டில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு நாலு சக்கரத்தின் வேகத்தையும் படித்துச் சொல்வது. அதுதான் ஏற்பாடு. இரண்டு டெய்லர்களும் வெளியே வந்தார்கள். ராமுத்தாய்க்கு ஐம்பது வயது இருக்கும், தெற்கத்திக்காரர். சத்யப்பிரியா சின்னப் பெண்.

"ஏண்ணே, ஒத்த லைட்டுக்கு நாலு நாளா?" என்றார் ராமுத்தாய். "நாலு நாள்ல எங்க ஊர்ல வீட்டையே கட்டி முடிச்சுருவாக."

சத்யப்பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நாங்கள் சிரித்தது அத்தோடு சரி.

இருவரும் வலது கதவு வழியாகவே ஏறினார்கள். வலது ஓரத்தில் சத்யப்பிரியா, அவளை நெருக்கிக்கொண்டு ராமுத்தாய். இடது பக்கம் ஒரு ஆள் தாராளமாக உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. தள்ளி உட்காரச் சொன்னேன். இருக்கட்டும், பழகிவிட்டது என்றார்கள்.

சித்ரகலா உடனே ஏறவில்லை. பின்சீட்டுக்குள் குனிந்து, விரல் நீட்டி எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. பிறகு அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். இரண்டு பேரை எண்ண இவ்வளவு நேரம் எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கிளம்பும் முன் டேப்பை எடுத்து, பின்சக்கரங்களுக்கு மேலிருக்கும் தகட்டு வளைவுகள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். ஒரு பக்கம் பாரம் கூடினால் ஸ்பிரிங் அமுங்கும். சென்சார் வயர் இழுபடலாம். அதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம். இரண்டு பெண்களும் வலது பக்கம் இருக்கிறார்கள். வலதுதான் அமுங்க வேண்டும்.

வலது 65 சென்டிமீட்டர். இடது 63½.

மறுபடி அளந்தேன். அதேதான். இடது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

8.22-க்குக் கிளம்பினோம்.

"எல்லாம் நாப்பத்தஞ்சுங்க அண்ணா," என்று படித்தார் சித்ரகலா. "எல்லாம் அம்பதுங்க."

8.34. படியூரை நெருங்கும்போது பின்சீட்டில் ஒரு சத்தம். சர்ரக்... ரெக்ஸின் உறையில் யாரோ அசைந்து உட்காரும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். சத்யப்பிரியா இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். ராமுத்தாய் முந்தானையை வாயில் வைத்திருந்தார். இருவரும் அசையவில்லை.

சர்ரக்...

இடது பக்கம் இருந்து வந்தது.

8.40. வளைவு தெரிந்தது. விளக்குக் கம்பம் இல்லாத இடம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் மூடிக் கிடக்கும் தேங்காய் உலர்த்தும் களம். சித்ரகலாவின் குரல் மாறியது.

"எல்லாம் நாப்பதுங்க... எல்லாம் முப்பத்தெட்டு..."

8.41.

"இடது பின்னாடி... சைபருங்க."

பிரேக்கை மிதித்தேன். கிர்ர்ர்ர்ர்... பெடல் என் பாதத்தைத் திருப்பி உதைத்தது. வண்டி நிற்கவில்லை. ஹெட்லைட்டில் ஒரு மொபெட், அதன் மேல் பால் கேனோடு ஒரு ஆள், அவருடைய விரிந்த கண்... ஸ்டீயரிங்கை ஒடித்தேன். அவர் ஏதோ திட்டிக்கொண்டே போனார். மண் ரோட்டுக்குள் மூன்று கார் நீளம் தள்ளித்தான் நின்றது.

நாலு நாளில் என்னால் கண்டுபிடிக்க முடியாத கோளாறு. நாளைக்கு அந்த மொபெட் தப்பாது. இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இஞ்சினை அணைத்தேன். கருவி வேலை செய்ய சாவியை ஒரு படி மட்டும் திருப்பி வைத்தேன். இஞ்சின் ஓடாவிட்டால், அதன் மின் அதிர்வு சென்சாரைக் குழப்புகிறது என்ற சந்தேகமும் போய்விடும். டார்ச்சையும் ஒரு வேஸ்ட் துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். இடது பின்சக்கரத்தின் முன் மண்டி போட்டேன். ஒரு கை டயரில். ஒரு கை சக்கர வளைவின் தகட்டில்.

"படிங்க அம்மிணி."

"எல்லாம் சைபருங்க."

அப்போது அந்தச் சத்தம்.

டக்.

தலைக்கு மேலே, கதவுக்குள்.

டக்... டக்.

எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பின்கதவின் ஓரத்தில் சைல்டு லாக் என்று ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. குழந்தைகள் ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிடாமல் இருக்க. அதைப் போட்டுவிட்டால், உள்ளே இருந்து கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியே இருந்துதான் திறக்க முடியும். உள்ளே இழுத்தால் இப்படித்தான் கேட்கும்.

டக்... டக்... டக்.

டார்ச்சைக் கண்ணாடி வழியாக அடித்தேன்.

வலது ஓரத்தில் இரண்டு பெண்கள். நாலு கையும் அவர்கள் மடியில்.

இடது கதவின் உள்கைப்பிடி முன்னால் வந்தது. பின்னால் போனது.

முன்னால் வந்தது...

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திறக்காத கதவைப் பார்த்தால் திறந்து பார்க்கும் கை இது. ஒரு கையைத் தகட்டில் ஊன்றி எழுந்து, மறு கையால் வெளிக்கைப்பிடியை இழுத்தேன்.

கதவு திறந்தது.

புதுத் துணி வாசனை. மெஷின் ஆயில் வாசனை. யாரோ முகத்தை உரசிக்கொண்டு போவதுபோல.

தகட்டில் ஊன்றியிருந்த என் கை... மேலே எழுந்தது.

நான் தூக்கவில்லை. வண்டி எழுந்தது. பாரம் இறங்கினால் ஸ்பிரிங் எழுமே, அப்படி. இரண்டு விரல் உயரம்.

"அண்ணா." சித்ரகலாவின் குரல். "இடது பின்னாடி... நாலுங்க."

டயரைத் தொட்டேன். அசையவில்லை.

"மத்த சக்கரம்?"

"சைபருங்க."

"இப்ப?"

"நாலு."

இரண்டு கையாலும் டயரைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப?"

"நாலுங்க அண்ணா..."

மண் ரோட்டின் உள்பக்கம் இருட்டு. அதற்குள் டார்ச் அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நாலு... நாலு..."

"சைபர்."

பின்சீட்டிலிருந்து ராமுத்தாய் பேசினார். மெதுவாக.

"வீடு சேந்துட்டா."

கதவை மூடினேன். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை. மணி 8.46. இரண்டு பெண்களையும் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். அன்று ராத்திரி வண்டி என் பட்டறையிலேயே நின்றது. காலை ஆறு மணிக்கு மறுபடி டேப்பை வைத்தேன். பின்சக்கர வளைவுகள் இரண்டும் ஒரே உயரம். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை.

7.10-க்கு சித்ரகலா வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னார்.

அவர் காரில் முன்பு மூன்று பெண்கள் போனார்கள். மூன்றாவது அனுசுயா. இடது பின்சீட்டு அந்தப் பெண்ணுடையது. வளைவில் இறங்கினால் வீடு. போன ஆனியில் ஒரு ஷிப்மென்ட் அவசரம். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்ட வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மூட்டைத் துணி. அனுசுயா அந்த மூட்டையைத் தன் சீட்டில் நிமிர்த்தி வைத்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி அதன் தலையில் தன் சால்வையைப் போட்டுவிட்டு, அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ராமுத்தாய் அன்று முன்சீட்டில். சத்யப்பிரியா ஏறியதும் தூங்கிவிட்டாள்.

"எண்ணித்தான் பாத்தனுங்க அண்ணா. பக்கத்துல ஒண்ணு, கண்ணாடியில ரெண்டு தலை, மொத்தம் மூணு இருந்துச்சு."

கிளம்பிவிட்டார்கள்.

"வளைவுல நிறுத்தி, எறங்கு அனுசுயான்னு சொன்னனுங்க. மூட்டைங்க."

அனுசுயாவின் போனும் பையும் காரிலேயே இருந்தன. உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு யூனிட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அதற்குள் அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டது. எதிரெதிரே கடந்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தம் வளைவைத் தாண்டி அரைக் கிலோமீட்டர். விளக்கில்லாத ரோட்டோரம் திரும்பி நடந்து, வளைவுக்கு வந்துவிட்டாள். ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போனது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது.

நான் முதல் கேள்வியை மறுபடி கேட்டேன். விளக்கு வருவதற்கு முன்னால் வண்டியில் என்ன மாற்றினீர்கள்?

சித்ரகலா இந்த முறை என்னைப் பார்த்தார். அனுசுயா இறந்துபோன மறுவாரத்திலிருந்து, அந்த வளைவில் வேகம் குறைத்தாலே இடது பின்கதவு தானாகத் திறந்துகொண்டதாம். மூன்று மாதம், ஒரு நாள் விடாமல். நிற்காமல் கதவை இழுத்து மூடிக்கொண்டே போயிருக்கிறார்கள். நிறுத்த பயம். கடைசியில் அவர் கதவின் ஓரத்தில் இருந்த நெம்புகோலைத் தள்ளிவிட்டார்.

"சைல்டு லாக் போட்டனுங்க. மறுநாளிலிருந்து இந்த லைட்டு."

அன்று பகல் பதினொன்றரைக்கு, நல்ல வெயிலில், தனியாக அந்த வளைவுக்குப் போனேன். நான் மண்டி போட்ட இடத்தில், என் கையிலிருந்து விழுந்த வேஸ்ட் துணி அப்படியே கிடந்தது. கருவியில் அந்த எண் 54 நொடி நீடித்திருந்தது. மணிக்கு நாலு கிலோமீட்டர் என்பது மனிதர் நடக்கும் வேகம். 3,600 நொடிக்கு 4,000 மீட்டர். 54 நொடிக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

துணி கிடந்த இடத்திலிருந்து டேப்பைப் பிடித்து, மண் ரோட்டில் அனுசுயா வீட்டு வாசற்படி வரை அளந்தேன்.

அறுபது மீட்டர்.

திரும்பி வந்து, வழக்கம்போல வேலைச் சீட்டு எழுதி சித்ரகலாவிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த விளக்கு எரியவில்லை, பெடல் அதிரவில்லை. சீட்டில் எழுதியது இவ்வளவுதான்:

கோளாறு, இடது பின்கதவின் சைல்டு லாக். எடுத்துவிட்டேன். இனிப் போடக் கூடாது. தினமும் வளைவில் வண்டியை முழுமையாக நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருக்கவும். கதவை நீங்கள் திறக்க வேண்டியதில்லை.